ஒரே லாக் ஃபைல் மறைத்துவிடும் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் மோனோரெப்போ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பைத்தான் பேக்கேஜ்களை எல்லாம் ஒரே ரெப்போவில் (கோடு களஞ்சியத்தில்) வைத்து, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான யூவியில் அவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் ஒர்க்ஸ்பேஸ் அமைத்துவிட்டால் டிபென்டன்சி (ஒரு பேக்கேஜ் நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள்) தலைவலி தீர்ந்தது என்ற தொனி அதில் இருந்தது. பில்டு, ரிலீஸ் வேலைகளைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பாதி உண்மைதான்.

2024 ஆகஸ்டில் யூவி 0.3 வெளியானபோது ஒர்க்ஸ்பேஸ் வசதியை நானும் வரவேற்றேன். எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பதிந்துவைக்கும் லாக் ஃபைல், ரெப்போ முழுவதற்கும் ஒன்றே. ஒரு பேக்கேஜில் கை வைத்தால், அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் டெஸ்ட்டுகளை அப்போதே ஓட்டிப் பார்த்துவிடலாம். முன்பெல்லாம் வெர்ஷனை ஏற்றி, வெளியிட்டு, மற்ற ரெப்போக்களில் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகுதான் எது உடைந்தது என்றே தெரியும்.

சிக்கல், எல்லாப் பேக்கேஜ்களும் பங்குபோடும் ஒரே விர்ச்சுவல் என்விரான்மென்டில் (நூலகங்கள் நிறுவப்படும் இடத்தில்) இருக்கிறது. 'கணக்கு', 'அறிக்கை' என்று இரண்டு பேக்கேஜ்கள் என்று வையுங்கள். பாண்டாஸ் நூலகம் வேண்டும் என்று 'கணக்கு', டிபென்டன்சிகளைப் பட்டியலிடும் தன் பைபுராஜெக்ட் ஃபைலில் எழுதியிருக்கிறது. 'அறிக்கை' எழுதவில்லை, ஆனால் இம்போர்ட் செய்கிறது. டெவலப்பரின் கணினியில் ஓடும். எல்லாவற்றையும் சேர்த்து இன்ஸ்டால் செய்து, கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐயிலும் பச்சை காட்டும். 'அறிக்கை'யை மட்டும் தனி கன்டெய்னரில் ஏற்றிய பிறகுதான் 'பாண்டாஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று விழும். இந்த இம்போர்ட்டைத் தடுக்க பைத்தானில் வழியில்லை, தன்னாலும் முடியாது என்று யூவியின் ஆவணமே சொல்கிறது. அந்த வரியைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

தீர்வு கடினமானதல்ல. சிஐயில் பேக்கேஜுக்கு ஒரு ஜாப். ஒவ்வொரு ஜாபிலும் புது என்விரான்மென்ட், 'யூவி சிங்க்' கட்டளையோடு அந்தப் பேக்கேஜின் பெயர் மட்டும், பிறகு அதன் டெஸ்ட்டுகள். எழுதாமல் விட்ட டிபென்டன்சி அங்கேயே மாட்டிக்கொள்ளும். நேரம் கூடுகிறதே என்பார்கள். ஒருமுறை இறக்கியதைச் சேமித்துவைக்கும் யூவியின் கேஷ் இருக்கும்போது அது பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்று பெயர். 'இந்தப் பேக்கேஜை ஒர்க்ஸ்பேஸிலிருந்தே எடு' என்று நாம் குறிப்பது ரெப்போவுக்குள் மட்டும்தான் செல்லும். வெளியிடுவதற்காகக் கட்டிய வீல் ஃபைலில் அந்தக் குறிப்பு இருக்காது, வெறும் பெயர்தான் போகும். வெளியே, பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப் அந்தப் பெயரைப் பொதுப் பேக்கேஜ் தளமான பைபிஐயில் தேடும். அங்கே அதே பெயரில் வேறு யாராவது எதையாவது ஏற்றிவைத்திருந்தால் அதுவே இறங்கும். நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் பெயர்களில் பொதுத் தளங்களில் பேக்கேஜ்களை ஏற்றி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் தன் கோடை ஓடவிட முடிந்ததை பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன் 2021 பிப்ரவரியில் வெளியிட்டார். 'பொது', 'யூடில்ஸ்' போன்ற பெயர்களை வைக்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஒரே நூலகத்தின் ஒத்துவராத இரண்டு வெர்ஷன்கள் இரண்டு பேக்கேஜ்களுக்குத் தேவைப்பட்டால், அவற்றை ஒரே ஒர்க்ஸ்பேஸில் திணிக்காமல் தனித்தனி லாக் ஃபைலோடு வைத்துக்கொள்வதே நல்லது.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், பேக்கேஜ்களைத் தனித்தனியே சோதிக்கும் முறையையும் விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிதாக மோனோரெப்போவுக்கு மாறும் குழுக்கள் முதல் வாரத்திலேயே அந்த ஜாபை எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
பில்டு பொறியாளரான ஒரு வாசகர்