பதினாறு எண்ணினால் அறுபத்து நான்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? திங்கட்கிழமை பணம் போட்டுவிட்டேன், தம்பியைப் பேங்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

போன தடவை போனில், "ஓடுற குதிரையைப் பாதியில நிறுத்தி டாக்டர்கிட்ட காட்டுறதெல்லாம் ஒரு பந்தயமாடா?" என்று சிரித்தீர்கள். ரூமில் ஒரே சத்தம், பதில் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இது நெடுந்தூரக் குதிரைப் பந்தயம். நம் ஊர் மாட்டுவண்டிப் பந்தயம் போல, கொடி விழுந்ததும் விரட்டி எல்லையைத் தொட்டுத் திரும்பினால் முடிந்தது என்பதில்லை. போன வாரம் அபுதாபி பக்கம் அல் வத்பாவில் ஓடியது 120 கிலோமீட்டர். மணலில் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மருத்துவச் சோதனை, 'வெட் கேட்' என்பார்கள். வந்து சேர்ந்த 15 நிமிஷத்துக்குள் இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்கு இறங்கியிருக்க வேண்டும். சில பந்தயங்களில் 56 வரை கேட்பார்கள். இறங்காவிட்டால் குதிரை வெளியே, அர்பாப் (முதலாளி) எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

லாயத்தில் சும்மா நிற்கும்போது 30, 40தான் துடிக்கும். முழு வேகத்தில் 200-ஐத் தாண்டிவிடும். ஓடி வந்த குதிரையை ஆற்றி 64-க்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுற்றை முடித்து வந்துவிட்டதால் கடிகாரம் நிற்காது. துடிப்பு இறங்கி, டாக்டரிடம் காட்ட உள்ளே நுழைகிற வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நாலு நிமிஷத்தில் ஆறுகிற குதிரை, பத்து நிமிஷம் எடுக்கிற குதிரையை நின்ற இடத்திலேயே முந்திவிடும். சவாரிக்காரன் மணலில் சம்பாதித்ததை நான் ஒரு நொடி அவசரத்தில் கோட்டைவிடலாம். விட்டேன், சொல்கிறேன்.

நம் குதிரை வெள்ளை. நான் வெள்ளைச்சி என்றுதான் கூப்பிடுவேன், அரபுப் பெயர் வாயில் நுழையவில்லை. அன்றைக்கு இரண்டாம் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். சேணத்தைக் கழற்றிக் கழுத்து, மார்பு, கால் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். இடது முன்னங்காலின் முழங்கை மடிப்புக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. (வந்த புதிதில் இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் குதிரை சாகப்போகிறது என்று கத்தியிருக்கிறேன்.) 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினேன். பதினாறு. அவ்வளவுதான், இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரம் பார்த்து அவளோடு ஒரே கொட்டிலில் நிற்கும் குதிரை அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது. இவள் தலையைத் தூக்கிக் கனைத்தாள். டாக்டர் எண்ணியது 66.

இன்னொரு தடவைதான் காட்டலாம், அதிலும் தவறினால் போச்சு. ஓரமாகக் கூட்டிப்போய், மற்ற குதிரைகள் கண்ணில் படாதபடி சுவரைப் பார்க்க நிறுத்தி, கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு நிச்சயமாக நூறைத் தாண்டியிருக்கும். அடுத்து 58. மூன்றாவதாக வந்தவள் ஏழாவதாகக் கிளம்பினாள். சூப்பர்வைசர் திட்டினார். பதினாறு வந்ததுமே இழுத்துக்கொண்டு ஓடியிருக்கக் கூடாது, பதினாலு வருகிற வரை காத்திருந்திருக்க வேண்டும். என் தப்புதான்.

இதோடு விடமாட்டார்கள். 40 மீட்டர் ஓட்டிப்போய்த் திரும்பி வரச் சொல்லி, ஓடத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து சரியாக ஒரு நிமிஷம் கழித்து மறுபடி எண்ணுவார்கள். முன்பைவிட நாலைந்து கூடினால் சந்தேகம்: உள்ளே வலி இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். நொண்டாமல் சமாளிக்கிற குதிரையையும் இது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இந்தப் பந்தயத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

நம் மயிலைக் காளைக்கும் பார்க்கலாம் அப்பா. வாலின் உள்பக்கத்தில், வால் தொடங்கும் இடத்துக்குக் கிட்டே விரலை வைத்தால் நாடி தட்டும். கட்டுத்தறியில் நிற்கும்போது ஒரு தடவை, பழக்க ஓட்டி வந்து பத்து நிமிஷம் கழித்து ஒரு தடவை எண்ணி, தம்பியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள், உதைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்