எங்கள் நத்தம் பட்டாவையும் நம்புங்கள்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் அணைக்கட்டு வட்டத்தில், ஒடுகத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். 11 வருடமாக ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நான்தான் ஊக்குநர், அதனால் குழுப் பெண்களின் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பதும் என் வேலை. என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, தளம் போட்ட மெத்தை வீடு கட்டியவர்கள் யாரும் இல்லை. முதல் ஆளாக நாங்கள் கட்ட ஆசைப்பட்டோம். மாதத் தவணை கட்டுகிறோம், கடன் கொடுங்கள் என்று கேட்டோம். எங்கள் குடியிருப்பு இடத்துக்கு அரசு கொடுத்த நத்தம் பட்டாவை வங்கி ஈடாக ஏற்கவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

இப்போது இருப்பது மாமியார் வீடு. மண் சுவர், மேலே ஓடு. 2020 நவம்பரில் நிவர் புயல் மழையில் பின்பக்கத்து ஓடு சரிந்தது. அந்த இடத்துக்குக் கல்நார் ஷீட் போட்டோம். அடுத்த வருடம் அதே நவம்பரில், பேரணாம்பட்டில் மழைக்கு ஒரு வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்துபோனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். செய்தி வந்த அன்று இரவு தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி, ஓரகத்தி வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மழை விடும்வரை அங்கேதான் படுத்தார்கள். எங்கள் சுவரில் கை வைத்தால் ஈர மண் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. எப்படியாவது நாலு சதுரத்தில், அதாவது 400 சதுர அடியில், ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

முதலில் அரசு வீட்டுக்குத்தான் எழுதிக் கொடுத்தோம். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அது குடிசையில் இருப்பவர்களுக்கானது, எங்களுடையது ஓடும் ஷீட்டும் என்பதால் பெயர் வரவில்லை. சரி, அது நியாயம்தான். எங்கள் தெருக்கோடியில் கீற்றுக் கூரைக்குள் கிடந்த ஒரு பாட்டிக்கு அந்தத் திட்டத்தில் வீடு வந்தது. தளம் போட்ட அன்று தெருவே போய் நின்றோம்.

அப்புறம் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், தளம் போடுவதற்கென்று மாநில அரசு தன் பங்காக மேலும் சேர்க்கிறது. 2024-ல் இதன் விதிகளைத் தளர்த்தினார்கள். முன்பெல்லாம் பைக் இருந்தாலே பெயர் அடிபட்டுவிடும், அதை எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருவருடைய மாத வருமானம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று இருந்ததை 15,000 ஆக்கினார்கள். என் சம்பளச் சீட்டில் 15,600 இருக்கிறது.

எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அந்த 600 ரூபாய்க்காக நான் சண்டைக்கு வரவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்ட குடும்பம், இலவச வீடும் கிடைக்காமல் வங்கிக் கடனும் கிடைக்காமல், எங்கே போக வேண்டும்?

ஒடுகத்தூர் பேரூராட்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வருடத்துக்கு 9 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பம்கூட முதல் வீட்டுக்கு வட்டி மானியம் கேட்கலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருக்கலாம். முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு மானியம். மொத்தம் 1.80 லட்சம் வரை 5 வருடத் தவணைகளில் வந்து சேரும். வசதி குறைந்தவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு உத்தரவாதமாக இருக்கும் நிதியையும் 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருகிற தோழி பேரூராட்சிக்குள் இருக்கிறாள். என் சம்பளம்தான் அவளுக்கும். அவள் அந்த மானியத்தைக் கேட்கலாம், நான் கேட்க முடியாது.

கிராமத்துக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இலவச வீட்டுத் திட்டத்தில் வராத கிராமத்துக் குடும்பங்களுக்காக 2017-ல் ஊரக வீட்டு வட்டி மானியத் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. 2 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு மானியம். முதல் வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 6,000 ரூபாய். எங்கள் பக்கம் மேஸ்திரி இன்றைக்கு ஒரு சதுரத்துக்கு 2 லட்சத்துக்குக் குறைந்து பேசுவதில்லை. அந்தக் கடனில் ஒரு சமையல்கட்டு எழும்பும், அவ்வளவுதான். அதையாவது கேட்போம் என்று நான் போன வங்கிக் கிளையில் கேட்டேன். அங்கே இருந்த ஒருவரும் அந்தத் திட்டத்தின் பேரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

மானியத்தை விட்டுவிடுகிறேன். மானியமே இல்லாமல், எல்லாருக்கும் கொடுக்கிற வீட்டுக் கடனாகவே கொடுங்கள் என்றேன். அங்கேதான் கதவு சாத்தப்பட்டது.

கடன் பிரிவு அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துத்தான் பேசினார். இடம் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரம் எங்கே என்றார். அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தையெல்லாம் காட்டும் 30 வருட வில்லங்கச் சான்று கேட்டார். எங்களிடம் இருப்பது நத்தம் பட்டா. என் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து அந்த இடத்தில்தான் குடியிருப்பு. யாரிடமும் வாங்கவில்லை, யாருக்கும் விற்கவில்லை, பத்திரம் எங்கிருந்து வரும்? பட்டா தாத்தா பெயரிலேயே இருந்ததால் வாரிசுச் சான்றுக்கு அலைந்து, பெங்களூரில் இருக்கிற அத்தையை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி, பட்டாவை வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றவே 8 மாதம் ஆனது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. எந்த வில்லங்கமும் இல்லாத இடம் என்று நான் சந்தோஷப்பட்டேன். வங்கியின் வக்கீலோ அதையே காரணமாகக் காட்டி, உரிமைத் தொடர்ச்சி தெளிவாக இல்லை என்று எழுதிவிட்டார். பரிசீலனைக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் திரும்பி வரவில்லை.

நத்தம் என்றால் என்ன என்று வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் மேலாளர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊர் ஜனங்கள் குடியிருப்பதற்கென்றே தொன்றுதொட்டு இருக்கிற இடம் அது. அது புறம்போக்கு கிடையாது. நத்தம் அரசுக்குச் சொந்தமில்லை, குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அரசே ஆள் அனுப்பி அளந்து, முதலில் தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகு தூய பட்டா கொடுத்திருக்கிறது. கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 2002-ஆம் வருடச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயக் கொல்லையை ஈடு வாங்க நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நத்தம் விவசாய நிலம் இல்லையே, வீட்டுமனைதானே. தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த பட்டாவை வங்கியே நம்பாவிட்டால் அதை வைத்து நாங்கள் வேறு எங்கே போவது?

அப்ரூவல் மனையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள், உடனே கடன் தருகிறோம் என்று அங்கே யோசனை சொன்னார்கள். மனை விலை ஒரு பக்கம். பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் காலுக்குக் கீழே சொந்த இடம் இருக்கும்போது இன்னொரு இடத்தை வாங்கச் சொல்வது எந்த வகையில் எங்களுக்கு உதவி?

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண், இதே நத்தம் பட்டாவை வைத்து ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 6 லட்சம் வாங்கினாள். வட்டி 15 விழுக்காடு, 15 வருடம். மாதம் ஏறத்தாழ 8,400 ரூபாய் கட்டுகிறாள். அதே 6 லட்சம் 8.5 விழுக்காட்டில் வங்கியில் கிடைத்திருந்தால் 5,900 ரூபாய்தான் வரும். மாதம் 2,500 ரூபாய் வித்தியாசம். 15 வருடத்தில் அது கிட்டத்தட்ட 4.5 லட்சம். லிண்டல் மட்டத்துக்கு மேல் பணம் போதாமல் தாலிக்கொடியையும் அடகு வைத்தாள். இன்றுவரை ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. நத்தம் பட்டாவை அந்த நிறுவனம் ஈடாக ஏற்றுக்கொண்டதையும் கவனியுங்கள். அவர்கள் வக்கீலுக்குத் தெளிவாகத் தெரிந்த உரிமை, உங்கள் வக்கீலுக்கு ஏன் தெரியவில்லை?

இன்னொன்றையும் கேட்கிறேன். எங்கள் குழுவில் 12 பேர். நான் வீட்டுக் கடன் கேட்டுத் திரும்பிய அதே கிளையில்தான் எங்கள் குழுவுக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். 10 லட்சம் வரை குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பட்டா வேண்டாம், பத்திரம் வேண்டாம், எங்கள் தீர்மான நோட்டும் சேமிப்புக் கணக்கும் போதும் என்று கொடுத்தார்கள். மூன்று முறை வாங்கி மூன்று முறையும் கெடுவுக்கு முன்பே அடைத்திருக்கிறோம். ஈடே இல்லாமல் 10 லட்சம் நம்பிக் கொடுத்த பெண்ணிடம், வீட்டையே ஈடாக வைக்கிறேன் என்று அவள் சொல்லும்போது நம்பிக்கை ஏன் போய்விடுகிறது? வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ வருமானத்துக்குச் சீட்டு இல்லை என்பதால் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வருமானத்தில்தான் வாராவாரம் குழுவில் சேமிக்கிறேன், அது நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே எங்கள் வீட்டு வரவு செலவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் கிராமத்தில் வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அவர்களுடைய வேளாண்மைத் துறையே வங்கிக்கு உத்தரவாதம் நிற்கிறது. தகுதி இருந்தால் முன்பணம்கூட இல்லாமல் கடன் கிடைக்கிறது. கிராமத்தில் இருப்பதே அங்கே ஒரு தகுதி. நம் ஊரிலும் அப்படி ஓர் உத்தரவாதம் வர வேண்டும், அதை டெல்லியில் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் உங்களிடம் கேட்பது வேலூரிலேயே முடிகிற காரியங்களை.

ஆட்சியர் அவர்களே, அடுத்த வங்கியாளர் கூட்டத்தில் நத்தம் பட்டாவை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். தூய பட்டாவும், வாரிசுச் சான்றும், வீட்டு வரி ரசீதும், இடம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) கொடுக்கும் சான்றும் இருந்தால் ஈடாக ஏற்கலாம் என்று எல்லா வங்கிகளும் சேர்ந்து ஒரே நடைமுறையை எழுதிக் கொடுக்கட்டும். வங்கி வக்கீல்களையும் வருவாய்த் துறையினரையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வையுங்கள். ஆண்டுக் கடன் திட்டத்தில் வீட்டு வசதிக்கென்று ஒரு தொகை எழுதுகிறீர்கள். அதில் ஊராட்சிப் பகுதிக்கு எவ்வளவு போனது என்பதைத் தனியாகக் கேட்டு வெளியிடுங்கள்.

நான் மேலே சொன்ன நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், நகர வளர்ச்சிக்காக அரசு எல்லை போட்டு அறிவித்த திட்டப் பகுதிகளும் சேரும் என்று விதியில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த எல்லைக்குள் வரும் ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. வேலூர், காட்பாடியைச் சுற்றி எந்தெந்த ஊர்கள் அதில் வருகின்றன என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போட்டால், எத்தனையோ பேர் விண்ணப்பிப்பார்கள்.

வங்கி மேலாளர்களே, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 விழுக்காடு வரை தரலாம் என்றும், 10 லட்சத்துக்குள் முடியும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் மதிப்போடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்காகவே வந்த சலுகை அது. கிளையில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதைத் தமிழில் அச்சடித்துப் பலகையில் ஒட்டுங்கள். வருடத்தில் ஒரு கிராம சபைக்காவது, மே 1 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், கிளையிலிருந்து ஒருவர் வந்து அரை மணி நேரம் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசட்டும்.

எங்கள் குழுவில் 7 பேரிடம் நத்தம் பட்டா இருக்கிறது. 7 பேரும் வங்கியில் கேட்டுத் திரும்பியவர்கள். அவர்களுடைய பட்டா நகல், வரி ரசீது, மூன்று குழுக் கடன்களையும் அடைத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் அதை உங்கள் கையில் கொடுக்க வருகிறேன். கம்பெனியில் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.