இருட்டில் நிற்கும் மிதவைக்கு ஒரு விளக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழவேற்காடு முகத்துவாரத்தில் மண் அள்ளுவது எதற்காக என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகத்துவாரம் தூர்ந்துவிடக் கூடாது என்று கேட்டவர்களில் நாங்களும் உண்டு. இப்போது கேட்பது ஒன்றுதான்: வேலை முடிந்து இரவில் நங்கூரம் போட்டு நிற்கும், மண் அள்ளும் அந்த இரும்பு மிதவையில் விளக்கு எரிய வேண்டும்.

போன அமாவாசை இரவு அப்பாவும் தம்பியும் ஏரியில் இறால் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உட்கார்ந்து படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். பத்தடிக்கு முன்னால்தான் கறுப்பாக ஏதோ தெரிந்தது என்கிறான் தம்பி. அவன் இன்ஜினை நிறுத்துவதற்குள் படகு மோதிவிட்டது. இரும்புக்கும் விளிம்புக்கும் நடுவில் அப்பாவின் வலது கை.

மூன்று விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து வலை ஊசியை எடுக்கிறார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் அதை இடுக்கி நூலை இழுக்கிறார். இரண்டு கண்ணி போடுவதற்குள் ஊசி நழுவி விழுகிறது. எதுவும் பேசாமல் அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். போன வாரம் எங்கள் பாடு, அதாவது ஏரியில் வலை போட எங்கள் முறை, வந்தது. எத்தனை நாள் காத்திருந்தால் ஒரு பாடு வரும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா போகவில்லை.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "ஏரிக்குள் நிற்பதற்கெல்லாம் விளக்கு தேவையில்லை" என்றார்கள். அப்படி எந்த விதியில் இருக்கிறது ஐயா? 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 30-ஆவது விதி, நங்கூரமிட்ட கலம் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கைக் காட்ட வேண்டும் என்கிறது. 50 மீட்டருக்குக் குறைவான கலத்துக்கு அப்படி ஒரு விளக்கே போதும். 7 மீட்டருக்குக் குறைவானவற்றுக்குச் சலுகை உண்டு. ஆனால் படகுகள் போய்வரும் வழியில் நின்றால் அந்தச் சலுகையும் கிடையாது. மண் அள்ளும் கலம் வழியை மறித்து நின்றால், தடையுள்ள பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு, போகக்கூடிய பக்கத்தில் இரண்டு பச்சை. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று இருட்டில் வருகிறவனுக்குச் சொல்லத்தானே அந்த விளக்குகள்? 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறது.

எங்கள் ஆட்களின் ஃபைபர் படகுகளும் சில நேரம் வழியிலேயே இருட்டில் நிற்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. அவர்களையும் விளக்குப் போடச் சொல்லுங்கள், நாங்களும் கூட நின்று சொல்கிறோம்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இங்கே உயிர் போன பிறகுதான் எல்லோரும் ஓடி வருகிறார்கள். விரல் போனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மீன்பிடிக்கிறவன் கை என்றால் அவ்வளவுதானா?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசைக்குள் அந்த மிதவையில் விளக்கு எரிய வேண்டும். அன்று இரவு தம்பி தனியாகத்தான் படகெடுக்கப் போகிறான். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டு மீனவர் ஒருவரின் மகள்