செயலாளரின் ஆண்டறிக்கை: நம் கையால் முளைத்த தீனி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கோலாலம்பூரின் பல பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் நம் பறவை வளர்ப்போர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவைக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இன்றைய கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே புதிதாகத் தேர்வாகும் பொறுப்பாளர்கள் தங்கள் விவரங்களை இன்றே என்னிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். முராய் பத்து போன்ற உள்நாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்கள், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் தரும் உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். பறவைக்கு வேண்டிய முளைகளையும் கீரையையும் அவரவர் வீட்டிலேயே வளர்க்கப் பழக்குவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். உறுப்பினர் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது அதன் அவசியம் நன்றாகவே புரிந்தது. பல கூண்டுகளில் காய்ந்த தானியம் மட்டும்தான் தீனி. அதிலும் சூரியகாந்தி விதையே அதிகம். அந்த விதைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. காக்கட்டீல், லவ்பேர்ட் போன்ற சிறு கிளிகள் கிண்ணத்தைக் கிளறி முதலில் பொறுக்குவது அதைத்தான். காய்ந்த விதையில் வைட்டமின் ஏ சத்து மிகவும் குறைவு. அந்தக் குறை நாளடைவில் மங்கிய இறகாகவும், மூக்கடைப்பாகவும், வாய்க்குள் வெண்திட்டாகவும் வெளிப்படும். கரும்பச்சைக் கீரை கொடுத்தால் தடுக்கக்கூடிய நோய் இது. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் பறவையை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

முளைகட்டுவது எப்படி என்று நாம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. கெப்போங்கிலிருந்து வரும் நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்ட அனுபவத்தை வைத்தே பட்டறையை நடத்திக் கொடுத்தார். தானியத்தை ஊறவைக்கும் பக்குவம், ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்க்கும் பக்குவம் எல்லாம் அவர் கையில் இருந்தது. இரண்டு மாற்றங்களை மட்டும் செய்தோம். முளைப்பாரியை இருட்டில் வைப்பதால் பயிர் வெளிறி மஞ்சளாக வளரும். பறவைக்கான தளிரை வெளிச்சத்தில் வைத்துப் பச்சை பிடிக்க விடுகிறோம். சாண எரு சேர்ப்பதில்லை. பூசைக்கு விற்கும் நவதானியப் பொட்டலத்தை அப்படியே ஊறவைக்க வேண்டாம் என்றும் அன்று அறிவித்தோம். அதில் மொச்சை இருக்கும். வேகாத மொச்சையில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. வேகாத ராஜ்மாவும் நஞ்சுதான். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கோதுமை, தினை, கம்பு ஆகியவையே போதும்.

நம் ஊர்ச் சூட்டில் முளை சீக்கிரம் வரும். அதே வேகத்தில் கெட்டும் போகும். இரவில் ஊறவைத்த பயற்றைக் காலையில் அலசிச் சல்லடையில் வடித்து, பகலில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினால் மறுநாள் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். கொடுக்க ஏற்ற நேரம் அதுவே. கொடுக்கும் முன் கட்டாயம் முகர்ந்து பாருங்கள். நல்ல முளையில் பச்சை மண் வாசம் வரும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கூண்டில் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மதிய வெயிலில் பால்கனிக் கூண்டில் கிடக்கும் முளை, பூஞ்சைக்கும் சால்மொனெல்லா கிருமிக்கும் நல்ல இடம்.

இந்தப் பழக்கத்தால் வேறொரு பயனும் கிடைத்தது. கடையில் வாங்கும் தீனிக் கலவையில் ஒரு கைப்பிடியை முளைகட்டிப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். பெரும்பாலான விதைகள் முளைக்காமல் கிடந்தால் சரக்கு பழையது. சங்கத்துக்காக மொத்தமாக வாங்கும் மூட்டைகளை இப்போது இப்படிச் சோதித்த பிறகே உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். விதைப்பதற்கென்று உறையில் விற்கும் காய்கறி விதையை மட்டும் ஊறவைத்துக் கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

கீரை வளர்ப்பில் செந்தூல் அடுக்குமாடி உறுப்பினர்கள் நம் எல்லோருக்கும் முன்மாதிரி. காலைச் சந்தையில் வாங்கிய காங்கோங் கீரையின் தண்டை மண்ணில் நட்டே தொட்டி நிறைய வளர்த்துவிட்டார்கள். சாவி என்கிற கடுகுக் கீரையையும் முருங்கையையும் வளர்க்கிறார்கள். ஊசிமிளகாய்ச் செடியும் வையுங்கள். அதன் உறைப்பு பறவைகளுக்குத் தெரியாது, கிளிகள் விதையோடு விரும்பித் தின்னும். தினையைத் தொட்டியில் விதைத்து, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் தண்டோடு வெட்டிக் கூண்டில் செருகினால் பிஞ்ச் குருவிகள் அதை விட்டு நகர்வதே இல்லை. சாலையோரப் புல்லைப் பறித்துவந்து கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். களைக்கொல்லி அடித்திருக்கலாம், எலி மூத்திரமும் பட்டிருக்கலாம்.

கீரையைத் தொடவே மாட்டேன் என்கிற பறவைகளைப் பற்றிப் பலர் கவலைப்பட்டீர்கள். ஒரு வீட்டில் கண்ட வழியைச் சொல்கிறேன். சாவி இலையை நன்றாக நனைத்து, உதறாமல், பட்ஜி என்னும் சிறு கிளி உட்காரும் கம்புக்கு மேலே கிளிப்பால் தொங்கவிட்டார்கள். பட்ஜி முதலில் விலகி உட்கார்ந்தது. பிறகு மெல்ல நகர்ந்து வந்து, ஈர இலையில் தலையை உரசி, இறகைச் சிலிர்த்து அதிலேயே குளித்தது. குளித்துக்கொண்டிருக்கும்போதே இலை ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியது. தின்ன மறுக்கும் பறவைக்குக் குளிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

டிங்கி பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வழக்குக்குப் போகாமலே 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் அபராதம் விதிக்கலாம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வர நம் தொட்டி காரணமாகக் கூடாது. தட்டை எடுத்துவிடுவதே நல்லது. தாமானில், அதாவது நம் குடியிருப்பில், கொசுப்புகை அடிக்கும்போது கூண்டை உள்ளே கொண்டுபோய்ச் சன்னலைச் சாத்துங்கள். புகை பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, புதுத் தளிர் வந்த பிறகு கொடுங்கள்.

உரிமத்தோடு மலை மைனா வளர்ப்பவர்கள் கீரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரலில் இரும்புச்சத்து சேரும் நோய் அந்த இனத்துக்கு எளிதில் வரும். முளைத் தீனி அதிகமானால் காக்கட்டீல் முட்டையிடத் தயாராகிவிடும். இனப்பெருக்கம் வேண்டாதவர்கள் அளவோடு கொடுக்கவும். வெண்ணெய்ப்பழமும் அதன் இலையும் எந்தப் பறவைக்கும் ஆகாது.

வரும் ஆண்டில் தினையும் கம்பும் வளர்க்க உறுப்பினர்களுக்கு மருந்து பூசாத விதை வழங்கவும், பட்டறையைப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் நடத்தவும் செயலவை பரிந்துரைக்கிறது. கெப்போங் அம்மா மீண்டும் கற்றுத்தர இசைந்திருக்கிறார். அவருக்கும், தொட்டிகளைச் சுமந்து வந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்