குறுக்கெழுத்தில் கடினம் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் குறுக்கெழுத்துப் புதிரில் நேரடிக் குறிப்புகளுக்குப் பதிலாக, விடைக்கான வழியைச் சொல்விளையாட்டில் ஒளித்துவைக்கும் சங்கேதக் குறிப்புகளைத் தரலாம் என்று கேட்கவே இக்கடிதம். கடினமாக இருந்தால் வாசகர் ஓடிவிடுவார் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நிகண்டில் மட்டும் கிடக்கும் சொல்லை விடையாக வைத்தால் ஓடத்தான் செய்வார். விடை எல்லோரும் அறிந்த சொல்லாக இருந்து, அதற்குப் போகும் வழி மட்டும் மறைந்திருந்தால் பென்சிலைக் கீழே வைக்க மாட்டார்.

ஒரு குறிப்பைப் பாருங்கள், அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை: ‘மண்ணின் தலையோடு தகரம் உருகிக் கலந்தால் பச்சைக் கல் (5)’. படித்ததும் மனம் உலைக்களத்துக்குப் போய்விடும். குறிப்பை எழுதியவருக்கு வேண்டியதும் அதுதான். மண்ணின் தலை ‘ம’. அதோடு ‘தகரம்’ என்ற நான்கு எழுத்துகள். ‘உருகிக் கலந்தால்’ என்பது எழுத்துகளைக் கலைத்து அடுக்கச் சொல்லும் கட்டளை. பச்சைக் கல், மரகதம். தகரம் என்பது உலோகமே இல்லை, நான்கு எழுத்து மட்டுமே என்று உறைக்கும் அந்த நொடியில்தான் இந்தப் புதிரின் ருசி முழுக்க இருக்கிறது.

இங்கே இலக்கணமும் கைகொடுக்கும். ஐந்து எழுத்தில் ‘ம்’ புள்ளி எழுத்து, சொல்லின் முதலில் வராது. பெரும்பாலும் கடைசியில்தான் உட்காரும். அதை அங்கே வைத்துவிட்டால் மிச்சம் நான்கு எழுத்து, 24 அடுக்குகள். தமிழ்ச் சொல்லுக்கு ‘ர’ முதலாகாது என்பதால் இன்னும் 6 கழிந்து 18. மூளை அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காது, விடை சட்டென்று வந்துவிடும். வராதபோது இந்தக் கணக்கு உதவும்.

போடும் முறை எளிது. விடையின் நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் தேடவே வேண்டாம். மீதியில் கட்டளைச் சொல்லைப் பிடிக்க வேண்டும். ‘உடைந்து, குழம்பி, சிதறி’ என்றால் கலைப்பு. ‘உள்ளே, வயிற்றில், நெஞ்சில்’ என்றால் ஒளிந்திருப்பது அல்லது நுழைப்பது. ‘தலை போய், வால் இழந்து’ என்றால் வெட்டு. ‘படி’, ‘பார்’, ‘ஆறு’ போன்றவை வந்தால் கூடுதல் கவனம் தேவை: பெயராகவும் ஏவலாகவும் நிற்கக்கூடிய சொற்கள் இவை, குறிப்பு எழுதுபவர்களின் செல்லப்பிள்ளைகள்.

பலர் சறுக்குவது நேர்ப்பொருளை மட்டும் நம்பி எழுதிவிடுவதில். ‘மலையுச்சியில் தலை போனால் மிஞ்சுவது கை (3)’. கை என்றதும் ‘புயம்’ என்று நிரப்பினால் எண்ணிக்கை சரியாக வரும், கடைசி ‘ம்’கூடப் பொருந்தும். ஆனால் மலையுச்சி சிகரம். அதன் தலையை எடுத்தால் கரம். குறிப்பின் இரண்டு பாதிகளும் ஒரே சொல்லில் வந்து சேராதவரை மையால் எழுதக் கூடாது.

நேர்மை எழுதுபவர் பக்கமும் வேண்டும். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் நேரடிக் குறிப்புகளே இருந்தன. 1926 முதல் லண்டனின் ‘அப்சர்வர்’ இதழில் டார்க்கமாடா அதைச் சங்கேதமாக்கினார். அவருக்குப் பின் 1939 முதல் எழுதிய ஸிமினீஸ்தான் விதிகளுக்குக் கறாரான வடிவம் கொடுத்தார்: துல்லியமான நேர்ப்பொருள், நியாயமான சொல்விளையாட்டு, இவை தவிர ஒரு சொல்லும் உபரியாக நிற்கக் கூடாது. (இரண்டுமே புனைபெயர்கள், ஸ்பெயினின் மத விசாரணைத் தலைவர்களுடையவை. வாசகரைச் சித்திரவதை செய்வதில் அவ்வளவு உற்சாகம்!)

தமிழில் இந்த விதிகளோடு சந்தியும் வந்து வம்புக்கு நிற்கும். ‘எங்கு திரையிட்டாலும் உள்ளே தெரியும் புரவி (3)’ என்று எழுதினால் ‘எங்கு திரை’யில் குதிரை ஒளிந்திருக்கிறது. ஆனால் ‘எங்கு’ என்பதன் பின் வல்லினம் மிகும். ‘எங்குத் திரை’ என்று முறைப்படி அச்சிட்டால் நடுவில் ‘த்’ புகுந்து குதிரையின் முதுகை ஒடித்துவிடும். பிழையை விட்டுவைப்பதைவிடக் குறிப்பை மாற்றுவதே மேல்: ‘ஒதுங்கு, திரைக்குள் நிற்கும் புரவி! (3)’. ஏவலின் பின் வல்லினம் மிகாது. நிறுத்தக்குறிகளைக் கண்டுகொள்ளாமல் படிக்க வேண்டும் என்பதும் இதிலேயே பழகிவிடும்.

கட்டம் அமைப்பதிலும் ஆங்கிலத்தை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே ஒரு சந்திப்புக் கட்டம் ஒரு மெய்யையோ ஓர் உயிரையோதான் தரும். தமிழில் ‘ரை’ கிடைத்தால் இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டு சந்திப்பு வைத்தால் குறிப்பைப் படிக்காமலே நிரப்பிவிடலாம். ஒன்றே போதும்.

எங்கள் கோரிக்கை இரண்டு. மறுவாரம் விடைகளை மட்டும் அச்சிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் ‘ம + தகரம் கலைந்து’ என்பதுபோல வழியையும் அச்சிடுங்கள். தோற்ற வாசகர் அடுத்த வாரம் திரும்பி வருவது அந்த ஒரு வரியால்தான். இன்னொன்று, அச்சுக்குப் போகும் முன் விடை தெரியாத ஒருவரைப் புதிரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்புக்கு அவர் வேறொரு விடை சொல்லி அதற்கு வழியும் காட்டிவிட்டால், திருத்த வேண்டியது குறிப்பைத்தான்.

இப்படிக்கு,
குறுக்கெழுத்து வாசகர்கள் சிலர்