கொலுசுப் பட்டறையின் புகை

ஆசிரியருக்கு,

வெள்ளி வாங்குபவர் தரத்தைக் கேட்கிறார். செய்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்று கேட்பதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில் பல கொலுசுப் பட்டறைகள் வீட்டின் முன்னறையிலேயே நடக்கின்றன. வெள்ளித் துண்டுகளை ஒட்ட ஊதும் தீக்கு நாலடி தள்ளித் தொட்டில் ஆடும்.

அப்படி ஒட்டப் பயன்படும் பற்றவைப்புப் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் சீக்கிரம் உருகி ஓடும், வேலை சுலபம். ஆனால் காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தீயின் சூடு அதைத் தாண்டும். அந்தப் புகை உடனே ஒன்றும் செய்யாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம். சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். நுரையீரலில் நீர் கோத்தால் உயிரே போகும். பல ஆண்டு சுவாசித்தால் சிறுநீரகம் கெடும். முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. மேலே சுழலும் மின்விசிறியோ புகையை அறை முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான்.

காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. ஆர்டர் தரும் கடைக்காரர்கள் அதையே நிபந்தனையாக்க வேண்டும். ஊதும் இடத்திலேயே புகையை இழுத்து வெளியேற்றும் குழாய் அமைக்க அரசு மானியம் தரட்டும்.

– கொலுசுத் தொழிலாளியின் மகன், சேலம்