கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

டெல்லியில் மே மாத ‘லூ’ எனும் வறண்ட அனல் காற்றுக்கு ஏர் கூலர் தரும் சுகமே தனி. அதன் பக்கங்களில் நனைந்திருக்கும் புல் தட்டியின் வாசனையிலேயே பாதிச் சூடு இறங்கிவிடும். ஆனால் நம்மவர்கள் பலர் ஏசி நினைப்பில் ஜன்னலை இறுக மூடிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியின்றி அறை புழுங்கி, தலையணை உறைகூடப் பிசுபிசுக்கிறது. எதிர்ப்பக்க ஜன்னலை நாலு விரற்கடையாவது திறந்து வையுங்கள். முதலில் பம்ப், தட்டி நனைந்த பிறகே ஃபேன்.

தட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே குழாய்த் துளையை ஊசியால் குத்தினால் சரியாகும்.

வாரம் ஒருமுறை தொட்டியை வடித்தால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட வேண்டும்.

ஜூலை ஈரக்காற்றில் மட்டும் கூலர் எடுபடாது. அப்போது பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டலாம்.

— ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி